முறைக்கூட்டங்களும் அவற்றின் முடிவுநாளும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய விரிவுரை)



தமிழ் கற்பிக்குந் தொழிலினராகிய எம்மை இம்மேடையில் இலக்கியம் பேசுமாறு பணிப்பதே வழக்கம். இம்முறை வேறொரு பொருளை யாமே விரும்பி ஏற்றுக்கொண்டோம். நம் சங்கத்துக் குடும்பங்களுள் மென்பொருள் தொழிலிற் புகுந்த மக்கள் இல்லாத வீடுகள் மிகச் சிலவே. அவ்வீட்டுப் பெரியோர் எம்மைக் காணுந்தோறும் கூறுங் குறை ஒன்றுண்டு. இரவு இலைபோடும் வேளையில் பிள்ளை கணினிமுன் அமர்ந்துவிடுகின்றான். கேட்டால் 'மீட்டிங்' என்கின்றான். நேற்றும் அதுவே, நாளையும் அதுவே என்பது அக்குறை. அந்நேற்றும் நாளையும் யாரால், எவ்வாறு குறிக்கப்படுகின்றன என்பதே இன்று யாம் பேசப்புகும் பொருள். பல்லாண்டு உழைத்த நம் பிள்ளைகள் பலர் இப்பொழுது குழுத்தலைவராய் அமர்ந்து, பிறருக்குக் கூட்டங் குறிக்கும் நிலையில் உள்ளனர். ஆகையால் யாம் சொல்வது பெரும்பாலும் அவர்களை நோக்கியதேயாகும்.

இளைஞர் இதனை 'ரிக்கரிங் மீட்டிங்' என்பர். யாம் முறைக்கூட்டம் என்போம். ஒருநாள் கூடிக் கலைவது கூட்டம். வாரந்தோறும் மாதந்தோறும் ஒரு முறைமை பற்றி மீண்டும் மீண்டும் கூடுவது முறைக்கூட்டம். இது நமக்குப் புதிதன்று. நம் ஊர்களின் வாரச்சந்தை எத்தகையது? இன்ன கிழமையிற் சந்தை என்று ஊரார் அறிவர். ஓலை விடுவார் எவருமில்லை. ஆயினும், வாங்குவோர் வரவு குன்றுமாயின் விற்போரும் வாரார். சந்தை தானே ஓய்ந்துபோம். கணினியில் எழுதப்பெற்ற முறைக்கூட்டத்திற்கு அவ்வோய்வு இல்லை.

அதன் காரணத்தைச் சிறிது விளக்குவோம். இணையத்திற்குரிய விதிகளை வகுக்கும் ஐ.ஈ.டி.எஃப். என்னும் பொறியியலாளர் குழு 1998-இல் வெளியிட்டு, 2009-இல் திருத்தியமைத்த 'ஐ-காலண்டர்' என்னும் விதிநூல் ஒன்றுண்டு. கணினி நாட்காட்டிகள் பலவும் தம்முட் செய்தி பரிமாறுவது அதனைக் கொண்டே. அந்நூலின்படி, வாரந்தோறும் திங்கட்கிழமை என்னும் கூட்டம் ஐம்பத்திரண்டு நாட்களாக எழுதப்படுவதில்லை; ஒரே வரியில் ஒரு சூத்திரமாக எழுதப்படுகின்றது. எத்தனை முறை என்றாவது, எந்நாள் வரை என்றாவது அவ்வரியிற் குறிக்கலாம். இரண்டையும் குறியாது விட்டால் அச்சூத்திரம் என்றென்றும் நடப்பதாகக் கொள்ளவேண்டும் என்பது அந்நூலின் தெளிவான ஆணை. முடிவுநாள் எழுத மறந்தவர் முடிவிலாக் கூட்டத்திற்கு ஆணையிட்டவராகின்றார்.

சூத்திரம் சொன்னபடியே செய்யுமேயன்றி, எழுதினார் கருத்தை உய்த்துணராது. மாதந்தோறும் 31-ஆம் நாள் கூடுக என்று ஒருவர் எழுதினால், இல்லாத நாளை விட்டுவிடுக என்னும் அவ்விதிப்படி ஆண்டில் ஏழு மாதங்களிலேயே கூட்டம் நடக்கும். அவுட்லுக் போன்ற மென்பொருளோ குறுகிய மாதங்களில் அதனைக் கடைசி நாளுக்குக் கொணர்ந்துவிடும். எனவே, மாதத்தின் கடைசி வெள்ளி, இரண்டாம் ஞாயிறு என்று கிழமை பற்றி எழுதுவதே சாலும்.

நிற்க. நாட்காட்டி வேறு, பணித்திட்ட மென்பொருள் வேறு. முன்னையது ஒருவரது பொழுதைக் காட்டும். பின்னையது ஒரு வேலையின் தொடக்கம், நடை, முடிவு ஆகியவற்றைக் காட்டும். மைக்ரோசாப்டு நிறுவனத்தின் பிராஜெக்டு என்னும் மென்பொருளில் முறைக்கூட்டத்தையும் ஒரு வேலையாகவே எழுதுகின்றனர். எத்தனை முறை, அல்லது எந்நாள் வரை என்னும் வினா அங்கே கட்டத்திலேயே நிற்கின்றது. எமக்கு இம்முறை உவப்பானது. கூட்டம் வேலைக்காக வந்தது; வேலையோடு அது முடிதல்வேண்டும். இதில் வேடிக்கை ஒன்றுமுண்டு. வேலை முடியும் நாளுக்குப் பின்னும் இரண்டு வாரம் கூட்டத்தை நீட்டி எழுதிவிட்டால், திட்டம் முடியும் நாளே இரண்டு வாரம் தள்ளிப்போனதாக அம்மென்பொருள் காட்டும். கட்டிடம் எழும்பிவிட்டது, கட்டிடத்தைப் பற்றிய பேச்சு முடியவில்லை, ஆதலால் கட்டிடம் முடியவில்லை!

விடுமுறை நாளிற் கூட்டம் விழுந்தால் என் செய்வது? விழும் நாட்கள் சில வேலையில்லா நாட்களாக உள்ளன, அடுத்த வேலைநாளுக்கு மாற்றவோ, விட்டுவிடவோ என்று அம்மென்பொருள் கேட்கும். நல்ல வினாவே. ஆனால் எந்நாள் விடுமுறை என்பதை அது தானாக அறியாது. அதன் பொது நாட்காட்டியில் சனி, ஞாயிறு தவிர வேறு ஓய்வுநாள் ஒன்றும் இராது. பொங்கல் நாள் விடுமுறையென ஒருவர் எழுதி வைத்தாலன்றி, பானை பொங்கும் நேரத்தில் அது நம் பிள்ளையைக் கூட்டத்திற்கு அழைக்கும். அதனை இயந்திரத்தின் கொடுமை என்பார் உளர். எழுதவேண்டியவர் எழுதாமையே அது.

இனி, செலவு. எட்டுப் பேர் கொண்ட குழு வாரம் ஒருமுறை ஒரு மணிநேரம் கூடுவதாகக் கொள்வோம். வாரத்திற்கு எட்டு மணி. ஆண்டிற்கு 416 மணி. நாளொன்றுக்கு எட்டு மணி உழைப்பு என்று வகுத்தால், ஓராள் 52 நாள் செய்யும் வேலை அங்கே செலவாகின்றது. நாள்தோறும் கால்மணி நேரமே கூடுகின்றோம், அதனால் என்ன என்பார் பலர். 'ஸ்க்ரம்' என்னும் வேலைமுறையில் அத்தகைய கால்மணிக் கூட்டம் விதியாகவே உள்ளது. ஒவ்வொரு வேலைநாளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அதனை நடத்துமாறு அம்முறையினர் கூறுவர். அதே எட்டுப் பேருக்கு அக்கால்மணி நாளொன்றுக்கு இரண்டு மணியாகி, ஐந்து நாளிற் பத்து மணியாகின்றது. சிறிதென்று எண்ணியது வாரக்கூட்டத்தினும் பெரிதாயிற்று. வேண்டாம் என்று யாம் கூறவில்லை. இடையூறு நேர்ந்த அன்றே அது வெளிப்படுமாயின் அக்கால்மணி பொன் பெறும். நேற்றுச் சொன்னதையே ஒவ்வொருவரும் ஒப்பிப்பதாயின் அது பள்ளியில் வருகைப்பதிவு எடுப்பதற்கே ஒப்பாம். அத்தொழிலை யாம் நன்கறிவோம்.

இப்பெருக்கத்தைக் கண்டு அஞ்சிய நிறுவனங்களும் உள. டிராப்பாக்ஸ் நிறுவனம் 2013-இல் தன் ஊழியரின் நாட்காட்டிகளிலிருந்து முறைக்கூட்டங்களை ஒருசேர நீக்கி, இரண்டு வாரம் புதியன சேர்க்கவொட்டாது தடுத்தது. ஷாப்பிஃபை நிறுவனம் 2023 ஜனவரியில் மூவரும் அதற்கு மேற்பட்டோரும் கூடும் முறைக்கூட்டங்களை நீக்கிற்று. வீட்டை ஒழுங்குசெய்ய முற்றத்திற் பொருளனைத்தையும் கொட்டுவது போன்ற வழி இது. இதனினும் நம் பஞ்சாங்கத்தார் வழி நன்று. திதியும் நட்சத்திரமும் விதிப்படி மீண்டும் வருவனவே. எனினும் பஞ்சாங்கம் ஆண்டுதோறும் புதிதாகக் கணித்தே அச்சிடப்படுகின்றது. முறைக்கூட்டத்திற்கும் மூன்று மாதத்தில் ஒரு முடிவுநாள் எழுதிவிட்டால், வேண்டுமா வேண்டாவா என்று அன்று எண்ணியே தீரவேண்டும். எண்ணாது விட்டால் கூட்டம் ஓய்ந்துவிடும். அதனாற் கெடுவது சிறிது.

இப்பொழுது பெரியோர் குறைக்கு வருவோம். அஃது யாருடைய கடிகாரம் என்னும் வினா.

நம் நாட்டிற்கு 1906 முதல் ஒரு பொதுநேரம் வகுக்கப்பட்டது. அதற்கு முன், நுங்கம்பாக்கத்து வான்கோளகம் கணித்த சென்னை நேரம் இருந்தது. இன்றைய நேரத்திற்கு அது ஒன்பது நிமிஷம் பிற்பட்டது. இன்று நம் கடிகாரம் ஆண்டு முழுதும் அசையாது. அமெரிக்காவின் பெரும்பகுதியிலோ 2007 முதல் மார்ச்சு மாதத்து இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று மீட்டுக்கொள்கின்றனர். முறைக்கூட்டத்தை எழுதியவர் நியூயார்க்கிலிருந்து காலை ஒன்பது என்று எழுதினால், சென்னையில் அது குளிர்காலத்து இரவு 7.30, கோடையில் மாலை 6.30. சென்னையிலிருப்பவர் இரவு 7.30 என்று எழுதினாரேல், அங்கே குளிர்காலத்துக் காலை ஒன்பது கோடையிற் பத்தாகும். எழுதியவர் வீட்டுக் கடிகாரம் அசையாது. மற்றவர் வீட்டு வாழ்க்கையே அசையும். யார் எழுதுவது என்பது எளிய எழுத்தர் வேலை எனக் கருதுவார் இதனை நோக்குக.

இலண்டனும் சேர்ந்தால் சிக்கல் மிகும். 2025-இல் நியூயார்க் மார்ச்சு 9-ஆம் நாளும், இலண்டன் 30-ஆம் நாளும் கடிகாரத்தை மாற்றின. இடைப்பட்ட மூன்று வாரமும், அக்டோபர் 26 முதல் நவம்பர் 2 வரை ஒரு வாரமும் அவ்விரு நகர்க்கும் இடையே ஐந்து மணி வேறுபாடு நான்காயிற்று. நியூயார்க் நேரத்தில் எழுதிய கூட்டம் அந்நாட்களில் இலண்டனில் ஒரு மணி முந்தி வந்து, அங்கே அந்நேரத்துக்கென முன்பே எழுதப்பட்ட வேறொன்றின்மீது விழும். ஆண்டின் இவ்விரு பருவத்திலும் குழுத்தலைவர் தம் முறைக்கூட்டங்களை ஒருமுறை கண்ணாற் பார்த்துவிடுதல் நலம்.

சான் பிரான்சிஸ்கோவோடு வேலைசெய்யும் குழுவிற்கு இரு தரத்தாருக்கும் ஏற்ற பகற்பொழுது இல்லை. எவரேனும் வருந்தவே வேண்டும். எப்பொழுதும் ஒருவரே வருந்துவது தகுமா? கோடையில், ஒரு வாரம் சென்னை இரவு 8.30-க்குக் கூடினால் அங்கே காலை எட்டு. மறுவாரம் சென்னைக் காலை 7.30-க்குக் கூடினால் அங்கே முந்தியநாள் மாலை ஏழு. இரு வாரத்துக்கு ஒருமுறை வரும் இரண்டு சூத்திரங்களாக இதனை எழுதிவிடலாம். கருவி எளிதில் ஏற்கும். காலைக் கூட்டத்தைத் திங்கட்கிழமையில் மட்டும் வைத்தலாகாது. அவர்களுக்கு அது ஞாயிற்று மாலை. அவர்கள் வீட்டிலும் சோறுண்ணக் காத்திருக்கும் குழந்தைகள் உண்டு.

இதனைக் கேட்கத் துணிவு வேண்டும் என்று இளைஞர் சிலர் எம்மிடம் கூறினர். மாறிமாறி வைக்குமாறு கேட்பது வேலை மறுப்பாகக் கொள்ளப்படுமோ என்னும் அச்சம் அவர்கட்கு. ஒரு மாதத்திற்குச் சோதனையாக, முடிவுநாள் குறித்து, கேட்டுப் பாருங்கள் என்றே யாம் கூறுவோம். முடிவுநாள் உடையதற்கு இசைவது எவர்க்கும் எளிது.

குழுத்தலைவராயுள்ளோர் இன்றிரவே தம் கருவியைத் திறந்து, வரும் ஆண்டின் பொங்கல், சித்திரை முதல் நாள், ரமலான், கிறிஸ்துமசு ஆகிய நாட்களையும், அயல்நாட்டிலுள்ள தம் தோழர்கள் கொண்டாடும் நாட்களையும் அவர்களைக் கேட்டு, விடுமுறைப் பட்டியலில் எழுதிவிடுவார்களாக.