கோடு போடும் முன்னே கேளுங்கள்



2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நம் தூத்துக்குடிக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. நம் நகரில் மழை விட்ட பிறகும் பல தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. நம் நிலம் தட்டையானது; கடலில் ஏற்றம் இருந்தால் நகரின் வடிகாலான பக்கிள் ஓடைத் தண்ணீர் வடியத் தயங்கும். இதை எந்தப் பொறியாளரும் சொல்லிவிடுவார். ஆனால் எந்த முக்கில் முதலில் முழங்கால் அளவு ஏறும், முன்பு எந்தச் சந்து வழியாக வடிந்தது, அந்தச் சந்து எப்போது அடைபட்டது என்பதெல்லாம் அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் அக்காவுக்குத்தான் தெரியும். அவரை யார் கேட்டார்கள்?

பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போடுகிறார்கள். ரோடு உயர உயர வீடு பள்ளத்தில் போகிறது. படியேறி நுழைந்த வீட்டுக்குள் இன்று படியிறங்கி நுழைகிறோம். தெருவில் ஓட வேண்டிய மழைத்தண்ணீர் அடுப்படிக்குள் வருகிறது. அந்த வாசலில் ஐந்து நிமிடம் நின்று பேசியிருந்தால் போதும், இந்தத் தவறு நடந்திருக்காது.

கடற்கரையோரம் வரைபடத்தில் காலியிடமாகத் தெரிவதைக் காலையில் போய்ப் பாருங்கள். மீனவர்கள் கிழிந்த வலையை விரித்துப் போட்டு முடிந்துகொண்டிருப்பார்கள். வெயில் ஏறினால் கருவாடு காயும். சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். யாரையும் கேட்காமல் அங்கே புல்லை நட்டுக் கம்பிவேலி போட்டால், பெயர் பூங்காவாக இருக்கலாம், பிழைப்பு போய்விடும்.

வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை 1927-இல் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்தை இந்த ஊர் இன்றும் கொண்டாடுகிறது. ஊரின் தாகம் அறிந்த நகராட்சித் தலைவர் அவர். மக்களை அறிந்து செய்ய இன்றும் வழி உண்டு. சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்பே, வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவைத்துச் சோதனை செய்து பார்த்தார்கள். கல் பதிக்கும் முன்பே மக்கள் அதில் நடந்து பார்த்தார்கள். நம் கடற்கரைச் சாலையிலும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

2017-இல் நம் ஊர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்தது. இத்தகைய திட்டங்களில் மக்கள் தங்கள் கருத்தைச் சொல்வதற்கான வார்டு குழுவுக்கும் பகுதி சபாவுக்கும் சட்டத்தில் 2010-லேயே இடம் வந்தது. விதிகள் வர 2022 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தமிழகமெங்கும் பகுதி சபாக்கள் கூடின. பன்னிரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த உரிமை இது. இதைப் போட்டோ எடுத்துக் கலையும் கூட்டமாக விட்டுவிடக் கூடாது.

அலுவலர்களே, டெண்டர் விடும் முன்னே வரைபடத்தைத் தமிழில் எழுதித் தெருமுனையில் ஒட்டுங்கள். கூட்டத்தைக் கடலுக்குப் போனவர்கள் கரை சேர்ந்த பிறகு, உப்பளத்துப் பெண்கள் வேலை முடிந்து வந்த பிறகு வையுங்கள். தாய்மார்களே, வெள்ளம் எதுவரை ஏறியதென்று உங்கள் வீட்டுச் சுவரில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் கூட்டத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்.