அப்பாவின் சிலேட்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலைவாய்ப்பு பற்றிப் பேசச் சொன்னார் சங்கச் செயலாளர். அதை என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு டேப்லெட்டின் லினக்ஸ் கெர்னலை மாற்றப் போய், அப்பாவின் கூலிக் கணக்கைத் தொலைக்கப் பார்த்த கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குக் கம்பத்தில் கொஞ்சம் பன்னீர் திராட்சை. மேலே வண்டன்மேட்டுப் பக்கம் குத்தகைக்கு ஏலத்தோட்டம். விடியற்காலையில் ஆட்களோடு ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் வீடு. ஆள் கணக்கு, முன்பணம், மருந்தடித்த தேதி எல்லாம் நோட்டில் இருக்கும். நோட்டு எங்கே இருக்கும் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். போனில் எழுதச் சொன்னால், வெயிலில் ஒண்ணும் தெரியலைன்னு வைத்துவிடுவார். அதனால் 2022-ல் பைன்நோட் என்ற டேப்லெட்டை வாங்கி, டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். 10.3 அங்குலத் திரை, பேனாவால் எழுதலாம். அப்பா அதற்கு வைத்த பெயர் சிலேட்டு.

அதன் திரை மின்தாள். கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் திரவத்தில் மிதக்கின்றன. மின்னழுத்தத்தை மாற்றினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அப்புறம் மின்சாரமே வேண்டாம், எழுத்து அப்படியே நிற்கும். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பிறந்த யோசனை. 1997-ல் ஈ-இங்க் கம்பெனி ஆனது. ஆனால் துகளை எத்தனை முறை, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் தள்ளுவது என்பதற்கு ஒரு பட்டியல் தேவை. அலைவடிவக் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் திரவம் மந்தமாகும், அதிக நேரம் தள்ளவேண்டும். ஆகவே வெப்பநிலைக்கு ஒரு பட்டியல். பைன்நோட்டில் இந்தக் கோப்பு அந்தந்தக் கருவிக்கென்றே உரியது. கருவியின் சேமிப்பகத்தில் அதற்கென்று ஒரு தனிப் பகுதி, அதாவது பார்ட்டிஷன், ஒதுக்கியிருக்கிறார்கள்.

சரி, கெர்னலை ஏன் மாற்றவேண்டும்? மடை திறக்கும் ஆள் மாதிரிதான் கெர்னல். எந்தப் புரோகிராமுக்கு எப்போது எவ்வளவு என்று வன்பொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும். நான் போட்டிருந்தது 5.17. அது 2022 மார்ச்சில் வந்து, அந்த ஜூனோடு பராமரிப்பு நின்றுபோன பதிப்பு. பாதுகாப்புத் திருத்தம் எதுவும் கிடையாது. 2024 நவம்பரில் 6.12 வந்தது, நீண்டகாலப் பராமரிப்புக்கு உரியது. 2025 பொங்கல் விடுமுறையில் மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்தத் திரைக்கான டிரைவரை எழுதியவர் சாமுவேல் ஹாலண்ட் என்பவர். 2022 ஏப்ரலில் கெர்னல்காரர்களின் பார்வைக்கு அனுப்பினார். நான் வேலை பார்த்தபோது அது மூலக் கெர்னலில் சேர்ந்திருக்கவில்லை. அங்கேதான் சங்கடம். மேலே ஓடும் புரோகிராம்களுக்குக் கொடுத்த வாக்கை லினக்ஸ் மீறாது. ஆனால் உள்ளே, டிரைவர்களோடு பேசும் முறையை இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும். உள்ளே இருக்கும் டிரைவரை மாற்றுபவர்களே சரிசெய்துவிடுவார்கள். வெளியே நிற்பதற்கு நாதியில்லை. ஒரு உதாரணம்: டிரைவரைக் கழற்றும் ஃபங்ஷன் முன்பு ஒரு எண்ணைத் திருப்பித் தரவேண்டும், இப்போது எதையும் தரக்கூடாது. இப்படி ஒவ்வொன்றாகத் திருத்த இரண்டு ராத்திரி போயிற்று.

வெள்ளிக்கிழமை ராத்திரி புதுக் கெர்னலைப் போட்டு ரீபூட் செய்தேன். திரையில் அப்பாவின் அந்த வாரத்து ஆள் கணக்கு அப்படியே இருந்தது. 'ஆகா, ஓடுது!' என்றேன். பேனாவை வைத்தால் ஒரு கோடு விழவில்லை. ரீபூட்டுக்கு முந்திய படம் அது. மின்தாள் அப்படித்தான், கருவி செத்தாலும் முகம் மாறாது.

பதற்றத்தில் செய்யக்கூடாததைச் செய்தேன். பூட் இமேஜை மறுபடி எழுதும்போது பார்ட்டிஷன் எண் தவறிவிட்டது. எழுதியது அலைவடிவப் பகுதியின் மேல். அதற்கு நான் தனிப் பிரதி எடுத்து வைக்கவில்லை.

"என்னடா, கணக்கு போயிருச்சா?" என்றார் அப்பா. மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, திரையில் நின்ற அந்த ஒரு பக்கத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். ஆனால் முன்பணக் கணக்கு வேறு பக்கங்களில்.

கருவி உள்ளே என்ன புலம்புகிறது என்று கேட்க சீரியல் இணைப்பு வேண்டும். இந்தச் சிப் பேசும் வேகம் விநாடிக்கு 15 லட்சம் பிட். என்னிடம் இருந்த அடாப்டர் 10 லட்சத்தோடு நின்றுவிடும். காலை முதல் பஸ்ஸில் உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி வந்து, நேரே நம் கல்லூரிக்குத்தான் வந்தேன். லேபில் இருந்த மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர் சரியான அடாப்டரைத் தேடிக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

இணைத்ததும் வரிகள் கொட்டின. கெர்னல் சாகவேயில்லை! லாகின் கேட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உயிரோடு இருந்திருக்கிறது. திரை டிரைவர் மட்டும் அலைவடிவக் கோப்பைக் காணோம் என்று நின்றுவிட்டது. முதல் வேலையாக அப்பாவின் பக்கங்களை எல்லாம் லேப்டாப்புக்கு நகல் எடுத்தேன். அப்புறம்தான் மூச்சு வந்தது.

"அண்ணா, அந்த ஃபைலை எந்த ஃபோல்டர்ல தேடுதுன்னு டிரைவர்ல பார்த்தீங்களா?" என்றார் அந்தத் தம்பி. பார்த்தோம். ஃபர்ம்வேர் ஃபோல்டரில் அது பத்திரமாக இருந்தது! 2022-ல் டெபியன் போட்டபோது, முகம் தெரியாத யாரோ எழுதி வைத்திருந்த வழிமுறையை வரி விடாமல் செய்திருக்கிறேன். அந்தப் பகுதியிலிருந்து கோப்பை இங்கே நகல் எடு என்பது அதில் ஒரு வரி. செய்ததே மறந்துபோயிருந்தது. டிரைவருக்கு ஏன் கிடைக்கவில்லை? இனிட்ராம்எஃப்எஸ் என்று, துவக்கத்தில் நினைவகத்தில் ஏற்றும் ஒரு சிறு பொட்டலம் உண்டு. டிரைவர் அந்தக் கட்டத்திலேயே விழித்துக்கொள்கிறது. புதுப் பொட்டலத்தில் நான் கோப்பைச் சேர்க்கவில்லை. சேர்த்துக் கட்டி ரீபூட் செய்தோம். திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. தம்பி கைதட்டினார்.

அந்தக் கோப்பு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. ஒரு பிரதி அந்தத் தம்பியிடம்.

சாயங்காலம் சம்பளம் கொடுத்தாயிற்று. மறுநாள் விடியலில் நானும் ஜீப்பில் ஏறினேன். கீழே முந்தின நாள் மத்தியானம் 30 டிகிரி காட்டியது, வண்டன்மேட்டில் 15. புதுக் கெர்னல் வெப்பநிலையைச் சரியாகப் படித்தது. எழுத்து கொஞ்சம் மெதுவாக வந்தாலும் பழைய எழுத்தின் நிழல் தங்கவில்லை. ஏலச்செடிக்குள் நின்று அப்பா இரண்டு பேர் பெயரை எழுதிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இனிமே வெள்ளிக்கிழமை மட்டும் இதைத் தொடாதே" என்றார்.