முதலிடத்தை விட்டுக்கொடுத்த விஞ்ஞானி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் விலங்கியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



விலங்கியல் படித்துவிட்டு ஓசூரில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போனவன் நான். ஆனாலும் என் முதல் ஹார்மோன் பாடம் இந்தக் கல்லூரியில் நடக்கவில்லை, எங்கள் மாட்டுக் கொட்டகையில் நடந்தது. சினை ஊசி போட வருபவர் வந்ததும் கேட்பார்: "எப்ப கத்த ஆரம்பிச்சது?" காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.ஹெச். என்ற ஹார்மோன் பாய்ந்து, கணக்கான நேரம் கழித்துத்தான் முட்டை வெளிவரும். அந்த நேரத்தைப் பிடிப்பதுதான் சூட்சுமம். அவர் கொண்டுவரும் விந்தும் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்திருப்பதுதான்.

ஹார்மோன், நேரம், உறைய வைத்தல். இந்த மூன்றையும் மனிதக் கருவுக்குச் சேர்த்துப் பார்த்தவர் கல்கத்தாவின் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். ஹார்மோன் ஆராய்ச்சிக்காக எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றவர்.

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் பிறந்தாள். சரியாக 70 நாள் கழித்து, அக்டோபர் 3இல், துர்கா கல்கத்தாவில் பிறந்தாள். இரண்டு குழுக்களும் போன வழி வேறு. இங்கிலாந்தில், இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையை வயிற்றில் துளையிட்டு, லேப்ராஸ்கோப் வழியாக எடுத்தார்கள். சுபாஷ், ஹார்மோன் ஊசி போட்டு ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிர வைத்தார். வயிற்றைத் துளைக்காமல் பிறப்புவழியாகவே அவற்றை எடுத்தார். கருவை உறைய வைத்து, கருப்பை தயாரான இன்னொரு மாதத்தில் உள்ளே வைத்தார். உறைந்த கருவிலிருந்து பிறந்த குழந்தையை மற்ற உலகம் 1984இல்தான் பார்த்தது, அதுவும் ஆஸ்திரேலியாவில்.

நம்பினார்களா? இல்லை. அரசு அமைத்த விசாரணைக் குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. போக அனுமதி தரவில்லை. 1981 ஜூன் மாதம் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். ஹார்மோன் விஞ்ஞானிக்குக் கண் ஆஸ்பத்திரியில் என்ன வேலை? அந்த மாதம் 19ஆம் தேதி அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 50.

இனிதான் நான் சொல்ல வந்த மனிதர் வருகிறார். டாக்டர் டி.சி. ஆனந்த் குமார். பம்பாயில் இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அவரும் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் சேர்ந்து செய்த முயற்சியில் 1986 ஆகஸ்ட் 6இல் ஹர்ஷா பிறந்தாள். நாடே அவளை இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்றது. பாடப் புத்தகத்தில் நிற்கும் பெருமை.

1997இல் சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகள் ஆனந்த் குமாரிடம் வந்து சேர்ந்தன. உட்கார்ந்து படித்தார். பொய் சொல்பவன் எழுதுகிற குறிப்பு இல்லை அது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் சும்மா இருந்திருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவர் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு, நம் பக்கத்து ஊர் பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில், முதல்வர் நான் அல்ல, சுபாஷ்தான் என்று எழுதினார். 2003இல், துர்கா என்ற பெயரில் மறைந்திருந்த கனுப்ரியா, 25 வயதில் மேடையேறித் தன்னை உலகுக்குக் காட்டினார். ஆனந்த் குமார் பிற்காலத்தில் பெங்களூரில் கருத்தரிப்பு மருத்துவமனை நடத்தினார். 2010இல் காலமானார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அளவு காட்டும் கேஜ் காலையில் ஒன்று சொல்லும், மதியம் ஒன்று சொல்லும். பயிற்சிக்கு வந்த ஒரு பையன் 20 நாள் குறித்துவைத்து, "சார், வெயில் ஏற ஏற இது விரியுது" என்று கண்டுபிடித்தான். அறிக்கையில் நான் என் பெயரைப் போட்டேன். பாராட்டும் வாங்கினேன். அவன் பயிற்சி முடிந்து போய்விட்டான். பல வருஷம் கழித்து, ஆனந்த் குமாரைப் படித்த பிறகு, அவன் நம்பரைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் சார்" என்றான். உடனே அந்த அறிக்கையின் தேதியையும் சொன்னான்.

கல்யாண வீடுகளில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்குப் பயந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காரணம் ஆணிடமும் இருக்கலாம்; கேள்வி மட்டும் அவளிடம். சொல்லாமல் லீவு போட்டு, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு பஸ் ஏறும் தம்பதிகள் நம் பகுதியில் உண்டு. எல்லோருக்கும் பலன் கிடைத்துவிடுவதில்லை. ஆனால் அங்கே அவர்களுக்குப் போடும் ஹார்மோன் ஊசி, பிறப்புவழியாக முட்டை எடுப்பது, கருவை உறைய வைப்பது எல்லாம் 1978இலேயே அந்தக் கல்கத்தா நோட்டில் இருந்தவை.

தம்பி தங்கைகளே, உங்கள் ரெக்கார்டு நோட்டை மார்க்குக்காக மட்டும் எழுதாதீர்கள். தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எழுதியவர் போன பிறகும் அது பேசும். நாளை நீங்கள் பெரிய நாற்காலியில் உட்காரும்போது, அடுத்தவன் நோட்டு உங்கள் மேசைக்கு வரும். அதில் உண்மை இருந்தால், உங்கள் பெயருக்கு மேலே அவன் பெயரை எழுதுங்கள்.