குழை தாட்ட மண்



காரைநகர்த் தீவில் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லிய மண். கல்லுக்குள்ளே உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும் மழைநீர். அதுதான் எங்கள் நன்னீர்க் கிணறு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஒரே ஒரு நெற்போகம். ஆகவே இங்கே மண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு கிணற்றில்தான் போய் நிற்கும். இடுகிற யூரியாவில் பயிர் எடுக்காத பங்கில் ஒரு பகுதி நைத்திரேற்றாகிக் கல்வெடிப்பு வழியே கீழே இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. எங்கள் அயலிலுள்ள வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டிவிட்டதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நாங்களும் அதே கல்லின் மேல்தான் இருக்கிறோம்.

விவசாய பீட ஆசிரியர்களே, மீளுருவாக்க விவசாயம் என்று உங்கள் கட்டுரைகள் சொல்வதில் பெரும்பகுதியை எங்கள் வீட்டில் குழை தாட்டல் என்றார்கள். வேலிக் கதியாலில் தழைத்த பூவரசையும் கிளுவையையும் வெட்டி, ஆச்சி கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வருவார். அந்தக் குழை மண்ணுக்குள் போகும். அறுவடை முடிந்த வயலில் மாட்டை இரவுக்கு இரவு இடம் மாற்றிக் கட்டுவார்கள். சாணமும் சலமும் அங்கேயே ஊறும்.

இன்று காலை இரண்டு மண்கட்டிகளை இரண்டு கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். பல வருடம் உரப்பையை மட்டுமே கண்ட வயலின் கட்டி சில நிமிடங்களில் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிட்டது. குழையும் எருவும் கண்ட வயலின் கட்டி அப்படியே கிடந்தது. முதல் மழைக்கே இறுகிப்போகும் மண் எது, மழையை உள்ளே வாங்கும் மண் எது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோற்றின் ருசிக்கு இனமும் தவிடும் முதற்காரணம். எல்லாம் எருவால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நைதரசன் மிஞ்சினால் அரிசியில் புரதம் கூடிச் சோறு இறுகும் என்பதை யப்பானியர் அளந்தே அறிந்திருக்கிறார்கள்.

குழைக்குத் திரும்புவதற்கும் ஒரு வரிசை உண்டு. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியால் நின்றது. நவம்பரில் தடை நீங்கியது. ஆனாலும் அந்தப் பெரும்போகத்தில் நாடெங்கும் விளைச்சல் விழுந்தது. பட்டினி கிடந்த மண்ணை ஒரு போகத்தில் தேற்ற முடியாது. குழையும் மாடும் முதலில் வயலுக்குத் திரும்ப வேண்டும், உரப்பை படிப்படியாகக் குறைய வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் கமக்காரன்தான் கடன்படுவான்.

ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். இத்தீவின் வயல்களில் மண்ணின் காபனையும் அருகிலுள்ள கிணற்றின் நைத்திரேற்றையும் வருடந்தோறும் சேர்த்து அளந்து, அந்தக் கணக்கைத் தமிழில் எழுதி, வயல்காரரின் கையிலேயே கொடுங்கள். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.