தீவகத்தின் இரு கூழ்கள்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகளில் நெல்வயல் குறைவு, பனையோ மிகுதி. ஆகவே அங்குள்ள இல்லங்களின் விருந்துக்கும் பனையே துணையாயிற்று.

ஆடி முதல் நாள் ஆடிப்பிறப்பு. அன்று அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி ஆகியவற்றைச் சேர்த்து ஆடிக்கூழ் காய்ச்சுவர். பலாவிலையைக் கோலி அதனை அள்ளிப் பருகுவது பழைய வழக்கம். பயறும் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் உள்ளே வைத்த கொழுக்கட்டையும் உடன் அவியும்.

மற்றையது ஒடியற்கூழ். பச்சைப் பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல் ஆகும். அதனை இடித்த மாவை நீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்துக் கைப்பை நீக்குவர். பின்னரே, மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் வெந்துகொண்டிருக்கும் பானையில் அம்மாவைக் கரைத்து விடுவர். இக்கூழ் ஒருவர் தனித்துக் குடிப்பதற்கன்று. சுற்றமும் அயலும் கூடியிருந்து குடிப்பதற்கே காய்ச்சப்படுவது.

இப்பக்குவம் தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு வந்தது. 1990ஆம் ஆண்டில் போரினால் தீவகத்தார் பலர் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது, பல குடும்பங்களில் அத்தொடர்ச்சி தளர்ந்தது. இன்று கனடாவிலும் இலண்டனிலும் ஒடியல் மா பொதியாகக் கடையிற் கிடைக்கின்றது. ஆனால், ஊறிய நீரை எப்பொழுது வடிப்பது, மாவை எந்தப் பதத்திற் கரைப்பது என்பவற்றை மூத்தோர் அருகில் நின்றே கற்றல் வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்டறிவது இளையோர் கடன்.