கட்டுண்ட யானையும் ஆராய்ச்சி மணியும்



கொடியிடை அம்மை உடனாய மாசிலாமணி ஈசுவரர் திருவடிகளைச் சிந்தித்து, இத்திருவிழா நாளில் ஒரு வினாவை எடுத்துக்கொள்கின்றோம். மனிதன் காவலிலே கட்டுண்டு கிடக்கும் விலங்குக்கு, மனிதனுக்கு இருப்பது போன்ற உரிமை சட்டத்தின் முன் உண்டா? இது வழக்கறிஞர்கள் ஆராய வேண்டிய பொருள். கோயில் மண்டபத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணலாம். பெருங்கோயில்கள் பலவற்றில் யானை சங்கிலியோடு நிற்கும் நாட்டில், இவ்வினா முதற்கண் நம்மை நோக்கியே கேட்கப்படுவது.

இத்திருமுல்லைவாயிலின் வரலாறே ஒரு யானையின் காலில்தான் தொடங்குகின்றது. ஓணன், வாணன் என்னும் குறும்பர் தலைவர்களோடு பொருது மீண்ட தொண்டைமான், முல்லைக் காட்டில் வந்து நிற்கின்றான். அவன் ஏறிவந்த யானையின் கால்கள் முல்லைக்கொடியில் சிக்கிக்கொள்கின்றன. மன்னன் கீழே குனிந்து பார்த்தானில்லை, வாளை வீசினான். புதருக்குள் இருந்த சிவலிங்கத் திருமேனியில் வெட்டுப்பட்டுக் குருதி பெருகிற்று. நெஞ்சு பதைத்துத் தன் கழுத்தையே அரியத் துணிந்த அவனைப் பெருமான் வெளிப்பட்டுத் தடுத்தாட்கொண்டார். இன்றும் அத்திருமேனிக்குச் சந்தனக் காப்பு அணிவித்தே வழிபடுகின்றோம். சித்திரைச் சதயத்தில் அக்காப்புக் களையப்படுவதையும் நீங்கள் கண்டிருக்கின்றீர்கள்.

இவ்வரலாற்றைப் பன்முறை கேட்டிருக்கின்றோம். யானையின் கால் கட்டுண்ட இடத்திலே பெருமான் இருந்தார் என்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தோம்? கட்டுண்ட கால் எங்கே இருப்பினும், அங்கே யார் இருக்கின்றார் என்று குனிந்து பார்ப்பதே தொண்டைமான் வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற் பாடம்.

சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று முப்பொருள் கூறும். பசு என்றது ஆவினை மட்டுமன்று. பாசத்தாற் கட்டுண்ட உயிர் அனைத்தையும் பசு என்றே சொல்லும். நாமும் பசு; யானையும் பசு. உடம்பு வேறு, அறிவு விளங்கும் அளவு வேறு. உயிர் என்னும் நிலையில் இரண்டும் ஒரே தலைவனுக்கு உடைமை. ஆதலின் ஓருயிர் மற்றோருயிரைத் தன் பொருள் என்று முழுவதும் சொந்தம் பாராட்ட இடமில்லை.

"விலங்காய்ப் பிறந்தது அதன் வினைப்பயன், அதை அது நுகரட்டுமே" என்று கேட்பார் உளர். நோயுற்றுக் கிடக்கும் அண்டை வீட்டாரையும் அவ்வாறே விட்டுவிடலாமோ? வினைப்பயனை ஊட்டுவிப்பவன் இறைவன். அவ்வேலையை அங்குசம் ஏந்தியவன் கையில் அவன் ஒப்படைக்கவில்லை. அடிபடும் யானைக்கு அது பிராரத்தம் என்றே கொண்டாலும், அடிப்பவனுக்கு அது ஆகாமியமாய்ப் புதிதாக ஏறும்.

இனி இரக்கம் வேறு, உரிமை வேறு என்பதை உணர வேண்டும். இரக்கம் கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தது. இன்று இருக்கும், நாளை இல்லாது போகும். உரிமையோ பெறுபவனிடத்தே நிற்பது. பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரிலே தோன்றிய சேக்கிழார் பெருமான், மனுநீதிச் சோழன் வரலாற்றைப் பெரியபுராணத்தில் திருநகரச் சிறப்பாக வைத்தருளினார். கன்றை இழந்த பசு திருவாரூர் அரண்மனைக்கு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. அதற்குத் தீனி வைத்து, தடவிக் கொடுத்து அனுப்பியிருந்தால் அது இரக்கம். மன்னனோ அப்பசுவை வழக்காடியாகவே ஏற்றான். தன் மகன்மேல் தேரை ஊர்ந்தான். அந்த மன்னனுடைய சிலையைச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே இன்றும் காணலாம்.

"வாய் பேசாத விலங்கு எப்படி வழக்காடும்?" என்பது அடுத்த தடை. நம் கோயில் மூர்த்திகளே இதற்கு விடை. கோயிலில் எழுந்தருளியுள்ள மூர்த்தியைச் சட்டம் உரிமை உடைய ஓர் ஆளாகவே கொள்கின்றது. மைனருக்குப் போல, மூர்த்திக்காகப் பிறர் நின்று வழக்காடுகின்றனர். ஒரு குடும்பத்தார் தம் குலதெய்வத்தை இடம் மாற்றுவது பற்றிய வழக்கில், 1925ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில், அத்தெய்வத்தின் விருப்பமும் மதிக்கத்தக்கது, அதன் சார்பிற் பேசத் தன்னலமற்ற ஒருவர் வேண்டும் என்று கூறிற்று. பேசாத திருமேனிக்கு இது பொருந்துமாயின், நொந்தால் பிளிறுகின்ற யானைக்கு ஏன் பொருந்தாது?

உலகில் இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. நியூயார்க்கு நகரப் பிராங்க்ஸ் விலங்கினச் சாலையிலிருந்த ஹாப்பி என்னும் யானையை விடுவிக்கத் தொடுத்த வழக்கு, 2022இல் அம்மாநில உச்ச மன்றத்தில் ஐவருக்கு இருவர் என்ற கணக்கில் தோற்றது. நம் உச்சநீதிமன்றம் 2014ஆம் ஆண்டு சல்லிக்கட்டு வழக்கிலே, விலங்குக்கும் மாண்போடு வாழும் உரிமை உண்டு என்றது. பசி, தாகம், நோவு, அச்சம் முதலியவற்றினின்று விடுதலையும், இயல்போடு வாழும் விடுதலையும் வேண்டும் என்றது. 2023இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, மனிதருக்குள்ள அடிப்படை உரிமைகள் விலங்குக்கும் உண்டு என்பதற்கு முன்தீர்ப்பு இல்லை என்றும், அது சட்டமன்றம் கருத வேண்டியது என்றும் கூறி நிறுத்திற்று. எனவே பொறுப்பு மக்களாகிய நம்மிடமே வந்திருக்கின்றது.

நம் கோயில் யானை ஒன்றின் வரலாற்றையும் கேளுங்கள். தாயை இழந்து முதுமலையில் வளர்ந்த மசினி என்னும் பிடி, சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குக் கொடுக்கப்பட்டது. 2018 மே மாதத்தில் கோயிலுக்குள்ளேயே தன் பாகரை மிதித்துக் கொன்றது. பின்னர் உயர்நீதிமன்ற ஆணைப்படி முதுமலைக்கே திரும்பிற்று. 2023இல் அங்கும் ஒரு பாகர் அதனால் உயிரிழந்தார். இரண்டு குடும்பங்கள் துயருற்றன. யானையைப் பழிப்பதா, பாகரைப் பழிப்பதா? இரண்டும் வேண்டா. கூட்டமாய்க் காட்டில் நெடுந்தொலைவு நடந்து வாழும் உயிரைத் தனியே கல்தளத்தில் நிறுத்தி, அதன் பக்கத்தில் எளிய மனிதர் ஒருவரையும் நிறுத்திய ஏற்பாட்டையே ஆராய வேண்டும். யானைக்கு நியாயம் கிடைக்கும் இடத்தில் பாகருக்கும் பாதுகாப்புக் கிடைக்கும்.

ஆயின் மனிதருக்குரிய உரிமை எல்லாம் விலங்குக்கு வேண்டுமோ? வேண்டா. வாக்குரிமையும் சொத்துரிமையும் யானைக்கு எதற்கு? நடக்க மண்தரை, குளிக்க நீர், வயிறு நிறையத் தழை, உடன் வாழத் தன் இனம், அடியினின்று காவல், இவை மறுக்கப்பட்டால் தனக்காக மன்றேறப் பொறுப்புள்ள ஒருவர்: இவ்வளவே அதன் உரிமை. இதனைக் கருணை என்று சொல்லி நாம் பெருமை கொள்ளுதல் ஆகாது. கடன் என்று சொல்லிச் செலுத்துதல் வேண்டும்.

"யானை இல்லாமல் விழாச் சிறக்குமா?" என்று கேட்கின்றீர்கள். ஆனைக்காவிலே யானை தானே வந்து வழிபட்டது. யாரும் அதனைக் கட்டி இழுத்து வரவில்லை. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தார்ச்சாலையிலே சித்திரை வெயிலில் நாம் செருப்பின்றி நிற்க இயலாது. அச்சாலையில் வாடகை யானை ஒன்றை நடத்திவந்து, அதன் துதிக்கையில் ஒரு நாணயம் வைத்து ஆசி பெறுவதாற் பெருமான் உவப்பாரா? யானை வாகனத்தில் எழுந்தருளும் பெருமானைக் கண்டு களிப்போம். உயிருள்ள யானையைப் புதிதாகக் கொணர்ந்து கட்டுவதை நிறுத்துவோம். இப்போது கோயில்களில் உள்ளவற்றுக்கு மண்தரையும் நிழலும் துணையும் உண்டா என்று அறநிலையத்தாரை அடியார்களாகிய நாமே கேட்போம்.

திருவாரூர்ப் பசுவுக்கு எட்டும் உயரத்தில் மணி தொங்கிற்று. சங்கிலியிட்ட யானையால் அம்மணியிடம் செல்ல இயலாது. அதற்காக மணியை அடிக்கும் கை நம்முடைய கையாகட்டும்.

திருச்சிற்றம்பலம்.