தோவாளைப் பூவும் கேட் கணக்கும்

எம்.பி.ஏ. சேர கேட், டான்செட் நுழைவுத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கணக்கு என்றதும் பயப்படாதீங்க. அங்கே வருவதில் பெரும்பகுதி பள்ளிக்கூடக் கணக்குதான். சதவீதம், விகிதம், சராசரி, வட்டி. எல்லாம் பத்தாம் வகுப்புக்குள் பார்த்தவை.

ஒரு கணக்கு கேளுங்க. தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ கிலோ 100 ரூபாய் என்று வைப்போம். முகூர்த்த நாள் வருது, விலை 50 சதவீதம் கூடுது. மறுநாள் 50 சதவீதம் குறையுது. இப்போ என்ன விலை? பழைய 100 என்று வாய் முந்தும். இல்லைங்க, 75. கூடியது நூற்றில் பாதி. குறைந்தது நூற்றைம்பதில் பாதி. எதில் பாதி? எதில் பாதி என்று கேட்டுப் பழகுங்க. சதவீதக் கணக்கில் பலரும் சறுக்குவது இங்கேதான்.

இன்னொன்று. தப்பாய்ப் போன கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்க. ஒரு வாரம் கழித்து, விடையைப் பார்க்காமல் மறுபடி போடுங்க. மதிப்பெண் கூடுவது அந்த நோட்டால்தான். புதுப்புதுப் புத்தகமா வாங்கிக் குவித்து என்ன பயன்?

கேட் வழக்கமாக நவம்பர் கடைசியில் வரும். பரணில் கிடக்கும் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இன்றைக்கே எடுத்து, சதவீதப் பாடத்தில் தொடங்குங்க.